குழம்புக்குப் போட்ட துணை

எங்கள் வீட்டில் மீன் குழம்பு கொதிக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் பயந்துகொண்டிருப்பார். பெரும்பாலும் அது அம்மாதான். இத்தனைக்கும் அவள் கைமணத்துக்கு எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அடிமை. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்துகொண்டே, "ஒங்க வீட்டு எறா தொக்கு மாதிரி வராது" என்று வெட்கமில்லாமல் சொல்லிவிட்டுப் போவார்கள்.

மீன் வாங்கும்போது அழுகலாக இருக்குமோ என்று பயம். எறாவின் முதுகு நரம்பை ஒன்றில் எடுக்காமல் விட்டுவிட்டோமோ என்று பயம். மீன் சாப்பிட்ட நாளில் யாராவது தயிர்ப் பக்கம் கை நீட்டினால், "தோல்ல வெள்ளை விழும்டி" என்று பாத்திரத்தையே பிடுங்கிக்கொண்டு போய்விடுவாள். முள்ளைப் பற்றிய பயம் தனி. நாங்கள் வளர்ந்து ஆளான பிறகும் மீன் தின்கிறபோது எங்களைப் பேசவிட மாட்டாள். மற்ற வீடுகளில் சிரித்துப் பேசிக்கொண்டே மீன் சாப்பிடுவார்கள் என்பதை நான் கல்லூரி போன பிறகுதான் கண்டுபிடித்தேன்.

அப்போது நாங்கள் மயிலாப்பூரில் ஒரு வீட்டின் பின்பக்கப் போர்ஷனில் குடியிருந்தோம். மாடியில் வீட்டுக்கார மாமி. பூண்டுகூட வீட்டுக்குள் வராத குடும்பம். ஆனால் தெரிந்தேதான் எங்களைக் குடிவைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடியில் பின்பக்க ஜன்னல்கள் சாத்தப்படும் சத்தம் கேட்கும். அதற்குப் பிறகுதான் அம்மா மீன் சட்டியை அடுப்பில் ஏற்றுவாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அம்மாவின் பயங்களிலேயே பெரியது, சமைத்த கறியோ மீனோ வாசற்படி தாண்டிப் போவது. வாசனை பிடித்துக்கொண்டு 'அது' பின்னாலேயே வந்துவிடும் என்பாள். பெயர் சொல்ல மாட்டாள். சொன்னால் அதற்கு அழைப்பு வைத்த மாதிரி ஆகிவிடுமாம். அதனால் கறிச்சாப்பாடு வெளியே போனால் கூடவே ஒரு துணை போக வேண்டும். விறகடுப்பு இருந்த காலத்தில் ஒரு துண்டு அடுப்புக்கரி. காஸ் வந்த பிறகு கரிக்கு எங்கே போவது? இரும்பும் ஆகும் என்று ஒரு நீள ஆணியைக் கழுவிச் சமையலறை மாடத்தில் வைத்திருந்தாள். கேரியரின் மேல்தட்டில் ஒரு வாழையிலைத் துண்டு, அதன் மேல் ஆணி. எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே 'துணை' என்றாகிவிட்டது. "துணை போட்டியா?" என்று அப்பா கேட்பார். "போட்டாச்சு" என்பாள் அம்மா.

நான் பி.எஸ்ஸி. முடித்து ஆழ்வார்பேட்டையில் ஒரு அலுவலகத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தவள். ஆணியைக் கண்டு ஓடுகிற பேய் தச்சர் பக்கமே வராதே என்று கேலி செய்வேன். கேலிக்கெல்லாம் பதில் சொல்கிற அளவுக்கு அம்மாவின் பயம் சின்னதில்லை.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது வேளச்சேரியில். அப்போது அது ஏரியும் முட்புதரும் அங்கொன்றும் இங்கொன்றுமாக எழும்பிய வீடுகளும்தான். மழை வந்தால் தெருவும் ஏரியும் ஒன்றாகிவிடும். அக்காவுக்கு ஏழாம் மாதம். வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை, அம்மா வைக்கிற மீன் குழம்பு மட்டும் வேண்டும் என்று சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தாள். வழக்கமாக அப்பாதான் கொண்டுபோய்க் கொடுப்பார். அந்த ஞாயிறு அப்பாவுக்கு வெளியூர் டியூட்டி. அம்மா முந்தின நாள்தான் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து கணுக்கால் வீங்கிக் கிடந்தாள். ஆக, கேரியர் என் தலையில் விழுந்தது.

காலையில் நொச்சிக்குப்பத்துக்குப் போய் மீன் வாங்கியதும் நான்தான். சங்கராவின் செவுளைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னாமா, பொண்ணு பாக்க வந்த மாதிரி பாத்துக்கினே கீற? இப்பதான் போட்லேர்ந்து எறங்குச்சு. எடுத்துக்கினு போ" என்றாள் மீன்காரம்மா. சங்கரா, எறா, கொஞ்சம் நெத்திலி.

அம்மா முக்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தபடியே சமைத்தாள். நான் எடுத்துக் கொடுக்கிற ஆள். சின்ன வெங்காயம் நல்லெண்ணெயில் கண்ணாடியாக வதங்க வேண்டும். புளித்தண்ணீர் நன்றாகக் கொதித்துப் பச்சை வாசனை போன பிறகுதான் மீன். மீன் போட்டபின் கரண்டி போடக் கூடாது, சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுழற்று. இறக்கும்போது தட்டிய பூண்டு, மேலே பச்சையாக ஒரு கரண்டி நல்லெண்ணெய். எறா தொக்குக்கு மிளகு தூக்கலாக. நெத்திலியைத் தலை கிள்ளி, மசாலா பிசறி, மொறுமொறுவென்று வறுத்தாள். நல்ல நடுத்துண்டுகள் எல்லாம் கேரியருக்குப் போயின. சட்டியில் வாலும் தலையும் மிஞ்சின. எனக்கு எரிச்சல்தான். வயிற்றுப்பிள்ளைக்காரி என்றால் எல்லாம் அவளுக்குத்தான், நான் கூலிக்கு வந்தவளா?

"நீ வந்து சாப்புடு. நானும் நீ வந்தப்புறம்தான்" என்றாள் அம்மா. மூன்று தட்டையும் அடுக்கினாள். கீழே குழம்பு, நடுவில் தொக்கு, மேலே வாழையிலை போட்டு நெத்திலி. கிளம்பும்போது, "குனிடி" என்றாள். குனிந்தேன். துப்பட்டாவை இரண்டு தோளிலும் இழுத்து இழுத்துச் சரிசெய்தாள். "பஸ்ல கும்பல்ல நிக்கப்போற" என்று என்னமோ முணுமுணுத்தாள். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி என்னை நடத்துகிறாளே என்று விடுவித்துக்கொண்டு ஓடினேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே வானம் கறுத்துவிட்டது. ஏரிக்கரையை ஒட்டி நடக்க வேண்டும். ஆள் நடமாட்டம் இல்லை. கேரியர் மூடி இடுக்கிலிருந்து நெத்திலி வாசனை வந்துகொண்டே இருந்தது. பின்னால் சேற்றில் யாரோ கால் வைக்கிற மாதிரி சத்தம். நின்றால் அதுவும் நின்றது. என் செருப்புதான் சேற்றை அறைந்து அந்தச் சத்தம் போட்டது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கடைசித் தூரம் ஓடினேன். தச்சர் கேலியெல்லாம் அப்போது எங்கே போயிற்றோ தெரியவில்லை.

அக்கா வீட்டில் கரண்ட் இல்லை. அவள் வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போயிருந்தார். ஒரு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சோற்றை வடித்து வைத்துக்கொண்டு அக்கா காத்திருந்தாள். நான் உட்காருவதற்குள் மேல்தட்டை அப்படியே சோற்றின் மேல் கவிழ்த்து, குழம்பை ஊற்றிப் பிசைந்துவிட்டாள். நெத்திலியை அவள் எப்போதும் முள்ளோடு, கைநிறைய அள்ளி வாயில் போடுகிறவள். அம்மா பக்கத்தில் இல்லாத தைரியத்தில் பேசிக்கொண்டே சாப்பிட்டாள்.

திடீரென்று பேச்சு நின்றது. கை தொண்டைக்குப் போயிற்று. "குத்துதுடி" என்றாள். குரலே மாறிவிட்டது. வெறும் சோற்றை உருட்டிக் கொடுத்தேன். மெல்லாமல் விழுங்கினாள். இன்னொரு உருண்டை. ஒரு வாழைப்பழம். கண்ணில் தண்ணீர் வழிய விழுங்கி, "எறங்கிடுச்சு" என்றாள். எனக்கு உயிர் வந்தது. இரண்டு பேரும் சிரித்தோம். அம்மாவிடம் சொல்லாதே என்று அவள் என்னிடம் சத்தியம் வாங்கினாள்.

பிறகு கேரியரைக் கழுவி எடுத்து வந்தேன். பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாது என்று அக்கா அதில் கொஞ்சம் சர்க்கரை போட்டாள். "துணையையும் போட்டுடு, போன தடவையே மறந்துட்டேன்" என்று ஜன்னல் திட்டைக் காட்டினாள். அங்கே அந்த நீள ஆணி இருந்தது.

ஆணி இங்கே இருக்கிறது. அப்படியென்றால் அம்மா இன்று என்ன போட்டாள்? துணை இல்லாமல் அவள் கேரியரை வெளியே விட மாட்டாள். உலகம் கவிழ்ந்தாலும் விட மாட்டாள். மெழுகுவர்த்தியைத் தூக்கிக்கொண்டு தேடினோம். அக்கா சாப்பிட்ட தட்டில் குழம்பில் நனைந்த வாழையிலைத் துண்டு கிடந்தது. அதில் ஒன்றும் இல்லை. பையை உதறினேன். தரையைத் தடவினேன். சாக்கடை ஓட்டை வரைக்கும் விரலை விட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"அப்ப நான் முழுங்கினது என்னது?" என்றாள் அக்கா.

எங்கள் வீட்டில் போன் கிடையாது. மாடி மாமி வீட்டுப் போன்தான் எங்களுக்கும். தெருமுனைப் பூத்துக்கு மழையில் ஓடி நம்பரைச் சுழற்றினேன். மாமி எடுத்தாள். அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். இறங்கிப் போய்விட்டு வந்தாள்.

"அவளால மாடி ஏற முடியாதுடிம்மா, கால் வீங்கிண்டு கெடக்கு. என்ன கேக்கணும், சொல்லு. நான் கேட்டுண்டு வரேன்."

"துணைக்கு என்ன போட்டாங்கன்னு கேளுங்க மாமி."

"எதுக்குத் துணை? கொழம்புக்கா? அப்பளமா?"

"துணைன்னு சொன்னாலே அம்மாவுக்குப் புரியும் மாமி. சீக்கிரம்."

பூத்தில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. மாமியின் செருப்புச் சத்தம் படியிறங்கி, மறுபடி படியேறி வந்தது. "ஆணி அங்கயே இருக்காமே, அதனால ஊக்கு போட்டுத்தான் அனுப்பிச்சாளாம். நீ ஒண்ணும் பயப்படாம இருட்டறதுக்குள்ள வந்து சேருவியாம்" என்றாள். அதற்கு மேல் நான் வாய் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. திரும்பத் திரும்பச் சுழற்றினேன். மழைக்கு அந்தப் பக்கத்துப் போன் செத்திருந்தது.

ஊக்கு. அம்மாவின் தாலிக்கொடியில் எப்போதும் மூன்று நான்கு ஊக்குகள் தொங்கும். முள் எடுக்க, நாடா கோக்க, பிளவுஸ் கொக்கி போனால் குத்திக்கொள்ள, எல்லாவற்றுக்கும் அதிலிருந்து ஒன்று. அதில் ஒன்றை எடுத்து நெத்திலியின் மேல் போட்டிருக்கிறாள். அக்கா அதை நெத்திலியோடு அள்ளி வாயில் போட்டுக்கொண்டுவிட்டாள். நான்தான் சோற்றை உருட்டிக் கொடுத்து அதை உள்ளே தள்ளினேன். பூத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வந்த வழியிலேயே திரும்ப ஓடினேன், பின்னால் எது வந்தாலும் வரட்டும் என்று.

அக்காவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேட்டதுமே அவளுக்கு வயிறு குத்த ஆரம்பித்துவிட்டது. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "கொழந்தை அசையலடி" என்றாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "அசையவே இல்லடி" என்றாள். அவள் அழுதிருந்தால்கூட நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

நான் கதவைத் தட்டிக் கூப்பிட்டதும் எதிர்வீட்டம்மா ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்து, தானும் ஏறிக்கொண்டாள். அடையாறில் அக்கா மாதாமாதம் காட்டிக்கொள்கிற சின்ன நர்சிங் ஹோம். டாக்டரம்மா மாடியிலேயே குடியிருந்ததால் ஞாயிற்றுக்கிழமையானாலும் இறங்கி வந்தார். முதலில் வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டார். "கொழந்தை நல்லா இருக்கு" என்றார். அதற்கப்புறம் எங்கள் கதையைக் கேட்டார்.

"சாப்பாட்டுல யாராவது ஊக்கு போடுவாங்களா?"

"துணைக்கு" என்றேன். அந்த வெள்ளை டியூப்லைட் வெளிச்சத்தில் சொல்லும்போது எனக்கே அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. டாக்டரம்மா டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். கீறல் இருக்கிறது, கீறினது முள்ளா ஊக்கா என்று கீறலைப் பார்த்துச் சொல்ல முடியாது என்றார்.

"வயித்துல கொழந்தையை வெச்சிக்கிட்டு எக்ஸ்ரே எடுக்க எனக்கு மனசு வரல. மூடின ஊக்குன்னா அதுவா வெளிய வந்துடும், காத்திருக்கலாம். தெறந்த ஊக்குன்னா காத்திருக்க முடியாது. இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும், எக்ஸ்ரேவோ ஆபரேஷனோ அவங்க முடிவு பண்ணுவாங்க. உங்கம்மா எப்படிப் போட்டாங்க? மூடியா, தெறந்தா?"

அங்கிருந்தும் மாமி வீட்டுக்குப் போன் போகவில்லை. எதிர்வீட்டம்மாவை அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு அதே ஆட்டோவில் மயிலாப்பூருக்குக் கிளம்பினேன். "இன்னா தங்கச்சி, யாருக்கு இன்னா ஆச்சு?" என்று ஆட்டோக்காரர் கேட்டார். வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் போல இருந்தது. "சீக்கிரம் போங்கண்ணே" என்று மட்டும் சொன்னேன். அடையாறு பாலத்தில் மழை பக்கவாட்டில் அடித்து என்னை முழுக்க நனைத்தது. மூடியிருக்கட்டும், மூடியிருக்கட்டும் என்று வழிநெடுக முனகிக்கொண்டே வந்தேன். அம்மா மேல் அப்படி ஒரு கோபம். உன் பயத்தைத் தின்னக் கொடுத்துவிட்டாயே என்று கேட்க வேண்டும். நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அம்மா உயிரோடு இருப்பாளா என்றும் தோன்றியது. அந்த நினைப்பு வந்ததும் கோபம் நிலைக்கவில்லை, பயம்தான் இரண்டு மடங்காயிற்று.

ஆட்டோவை நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். அம்மா முக்காலியில் காலை நீட்டியபடி வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இரண்டு தட்டு கவிழ்த்து வைத்திருந்தது. மீன் சட்டி திறக்காமலே இருந்தது.

"ஊக்கு தெறந்து இருந்துச்சா, மூடி இருந்துச்சா?" என்று கத்தினேன்.

"இன்னாடி இது, இப்படி நனைஞ்சிட்டு..."

"கேக்கறதுக்குப் பதில் சொல்லும்மா! ஊக்கை மூடிப் போட்டியா, தெறந்து போட்டியா? அக்கா முழுங்கிட்டா. ஆஸ்பத்திரில இருக்கா."

அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. பிறகு வீங்கிய காலைத் தரையில் ஊன்றி எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் வந்தாள். என்னைத் தோளைப் பிடித்துத் திருப்பினாள். என் முதுகுப் பக்கம், துப்பட்டா சட்டையோடு சேர்கிற இடத்தில், அவள் விரல் எதையோ தேடிற்று.

"இங்கதான்டி கீது" என்றாள். "குனியச் சொல்லி ஒனக்குத்தானே போட்டேன்."

கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவினேன். ஊக்கு விரலில் தட்டுப்பட்டது. மூடித்தான் இருந்தது. பஸ்ஸில், ஏரிக்கரையில், பூத்தில், அக்கா வீட்டுத் தரையில் மெழுகுவர்த்தியோடு நான் தவழ்ந்து தேடியபோதெல்லாம் அது என் முதுகிலேயே இருந்திருக்கிறது. ஊக்கு போட்டு அனுப்பினேன் என்று அம்மா சொன்னது என்னைப் பற்றி. நான் அதைக் கேரியரைப் பற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

"துணையைக் கொழம்புலதானே போடுவ?" என்றேன். அழுகையில் சரியாகப் பேச வரவில்லை.

"உங்கப்பன் சட்டைல ஆணியையா குத்தி அனுப்ப முடியும்? அதனால கேரியர்ல போட்டேன். கொழம்புக்கு எதுக்குடி துணை? தூக்கிக்கினு போறவங்களுக்குத்தான் துணை." சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அவளும் அழ ஆரம்பித்தாள்.

அங்கே அக்கா இன்னும் வயிற்றில் கைவைத்தபடி உட்கார்ந்திருப்பாள் என்று நினைவு வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலில் நின்று, டாக்டரம்மாவிடம் காட்டலாம் என்று ஊக்கைக் கழற்றப் போனேன்.

"கழட்டாதடி" என்று அம்மா உள்ளேயிருந்து கத்தினாள். "இருட்டுல போற."

இப்போது என் கையில் குழம்பு இல்லை, மீன் இல்லை, எது பின்னால் வரப்போகிறது என்று கேட்க வாயெடுத்தேன். ஊக்கை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினேன்.